தொழுகைக்கூடத்துச் சுவரைப் படிப்பது எப்படி? எபிரேய எழுத்துகள், யூதச் சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் யூதத் தெருவுக்கு உறவினர்களையும் நண்பர்களையும் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். மும்பை, புனே, கொல்கத்தா என்று எங்கே போனாலும் அங்குள்ள யூதத் தொழுகைக்கூடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். உடன் வருபவர்களின் கண் முதலில் ஆறுமுனை நட்சத்திரத்தில் போய் நிற்கும். சற்று நேரம் கழித்துத்தான், "மேலே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். நட்சத்திரம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியவர் யார், எப்போது, யாருடைய நினைவாக, என்ன வேண்டுதலோடு என்பதையெல்லாம் எழுத்துதான் சொல்லும். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யூதர்களின் கோயிலை எப்படிச் சொல்வது? ஜெப ஆலயமா, பள்ளியா, கூடமா?

எல்லாமே வழக்கில் உள்ளவைதான். தமிழ் விவிலியம் 'ஜெப ஆலயம்' என்கிறது. கேரளத்தில் 'யூதப்பள்ளி' என்பார்கள். புனேயில் செங்கல்லால் கட்டிய ஓஹேல் தாவீது தொழுகைக்கூடத்துக்கு ஊர் வைத்த பெயர் 'லால் தேவல்', அதாவது சிவப்புக் கோயில். மும்பையின் மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததே அருகிலிருந்த பழைய யூதத் தொழுகைக்கூடத்தால்தான் என்பார்கள். மும்பைப் பக்கத்துப் பழைய யூதச் சமூகமான பெனே இஸ்ரவேலர் தங்கள் தொழுகை இடத்தையும் மஸ்ஜித் என்றே அழைத்தார்கள்.

எபிரேயத்தில் 'பேத் கெனேசெத்'. கூடுகின்ற வீடு என்று பொருள். அதற்கு நெருக்கமாக இருப்பதால் நான் தொழுகைக்கூடம் என்று எழுதுகிறேன்.

அது எபிரேய எழுத்துதான் என்று எப்படி உறுதி செய்வது? அரபியாகவும் இருக்கலாமே?

இரண்டும் வலமிருந்து இடமாகச் செல்பவை என்பதால் இந்தக் குழப்பம் இயல்பானது. அரபியில் எழுத்துகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு ஓடும். அச்சிலும் கல்லிலும் எபிரேய எழுத்துகள் தனித்தனியாக நிற்கும். பெரும்பாலும் சதுரக் கட்டத்துக்குள் அடங்கும். தமிழ் எழுத்தைப் போன்ற சுழிகள் குறைவு. மேலே ஒரு தடித்த கிடைக்கோடு, அதிலிருந்து இறங்கும் கால்கள் என்பதே பொதுவான உருவம்.

இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். வரிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பது லாமெத். வரியின் மேல்பகுதியில் ஒற்றை மேற்கோள் குறி அளவுக்குத் தொங்குவது யோத். இவை இரண்டும் கண்ணில் பட்டால் எபிரேய எழுத்தேதான்.

மொத்தம் எத்தனை எழுத்துகள்? நம்மால் கற்றுக்கொள்ள முடியுமா?

இருபத்திரண்டு. அத்தனையும் மெய்யெழுத்துகள். ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம் உண்டு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட நமக்கு இது பெரிய வேலை இல்லை.

வீட்டில் தமிழ் விவிலியம் இருந்தால் 119ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். எட்டெட்டு வசனங்களுக்கு ஒரு தலைப்பாக ஆலெப், பேத், கிமெல் என்று வருவது அந்த எழுத்துகளின் பெயர்தான். மூலத்தில் ஒவ்வொரு எட்டு வசனமும் அந்தந்த எழுத்தில் தொடங்குகிறது. இருபத்திரண்டு எட்டு நூற்று எழுபத்தாறு வசனங்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சில இடங்களில் எழுத்துக்குக் கீழே புள்ளிகளும் கோடுகளும் இருக்கின்றன, சில இடங்களில் இல்லையே?

அவை உயிரொலிக் குறிகள். பிரார்த்தனைப் புத்தகங்களில் இருக்கும். கல்வெட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. பழகியவர்கள் மெய்யெழுத்தை வைத்தே சொல்லை ஊகித்துப் படித்துவிடுவார்கள். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யின் மேல் புள்ளி வைக்காமல் எழுதியதையும் அக்காலத்தவர் தடையின்றிப் படித்தார்கள், அல்லவா?

ஆனால் கல்வெட்டில் எழுத்துக்கு மேலே வரும் புள்ளியும், கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் இரட்டைக் கோடும் உயிரொலிக் குறிகள் அல்ல. அவற்றைப் பற்றி ஆண்டு பற்றிய கேள்விகளில் பார்க்கலாம்.

வாசலுக்கு மேலே பெரிதாக எழுதியிருப்பது கோயிலின் பெயரா?

சில இடங்களில் பெயர். பெரும்பாலும் வேத வசனம். அடிக்கடி வருபவை நான்கைந்துதான் என்பதால் ஒருமுறை தெரிந்துகொண்டால் பல ஊர்களில் பயன்படும். "இது இறைவனின் வாசல்; நீதிமான்கள் இதனுள் நுழைவார்கள்" என்பது 118ஆம் சங்கீதம். "இது கடவுளின் வீடேயன்றி வேறில்லை, இதுவே வானத்தின் வாசல்" என்பது கனவிலிருந்து விழித்த யாக்கோபு சொன்னது. "என் வீடு எல்லா மக்களுக்கும் தொழுகை வீடு எனப்படும்" என்பது ஏசாயாவின் வாக்கு. வேற்று மதத்தவராக அந்த வாசலில் நிற்கும்போது இந்த ஏசாயா வரியைப் படித்துச் சொன்னால் உடன் வந்தவர்களின் முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"யாக்கோபே, உன் கூடாரங்கள் எத்தனை அழகு" என்பதும் அடிக்கடி வரும். இதைச் சொன்னவன் இஸ்ரவேலன் அல்ல. சபிப்பதற்காகக் கூலி பேசி அழைத்து வரப்பட்ட பிலேயாம் என்ற அயலான். சபிக்க வாயைத் திறந்தவனிடமிருந்து வாழ்த்து வந்தது. அந்த வாழ்த்தை வாசலில் எழுதிவைத்துவிட்டார்கள்.

ஒரு சொல்லை மட்டும் படிக்கப் பழகினாலும் போதும்: ஷஆர், 'வாசல்'. ஷின், ஆயின், ரேஷ் என்று மூன்றே எழுத்துகள். ஷின் திரிசூலத்தின் மேல்பகுதி போல மூன்று முனையோடு இருக்கும். ஆயின் இரண்டு கைகளை உயர்த்திய உருவம். ரேஷ் வளைந்த ஒரு கொக்கி. மும்பையில் 1796இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் கட்டிய தொழுகைக்கூடத்தின் பெயரே 'ஷஆர் ஹாரஹமீம்', கருணையின் வாசல்.

உள்ளே திரை போட்ட அலமாரிக்கு மேலேயும் எழுதியிருக்கிறதே, அதுவும் வாசல் வசனமா?

இல்லை. அந்த அலமாரிதான் பேழை. கொச்சி, பாக்தாத் மரபுகளில் ஹேகால் என்பார்கள்; ஐரோப்பிய மரபில் ஆரோன் கோதேஷ். யூதர்களின் வேதமான தோராவைக் கையால் எழுதிய சுருள்கள் அதற்குள் இருக்கின்றன. அதன் முன்னால் அணையாமல் எரியும் விளக்கு தொங்கும்.

அங்கே எழுதுவது நின்று தொழுபவரை நோக்கிய வரி. "தா லிஃப்னே மீ அத்தா ஓமேத்", 'யார் முன்னிலையில் நிற்கிறாய் என்பதை அறிந்துகொள்' என்பது மிகவும் பரவலானது. யூதச் சமயச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தால்முத் நூலில் ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரையிலிருந்து வந்தது. "இறைவனை எப்போதும் என் கண்முன் நிறுத்தியிருக்கிறேன்" என்ற 16ஆம் சங்கீத வரியும் வரும். திரையில் காஃப், தாவ் என்று இரண்டே எழுத்துகள் தனியாக இருந்தால், கெதெர் தோரா, 'தோராவின் கிரீடம்' என்பதன் சுருக்கம் அது.

கட்டிய ஆண்டு எங்கே இருக்கும்? எண்ணையே காணவில்லையே!

எழுத்துகள்தாம் எண்கள். தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ௧ என்ற எண்ணும் 'க' என்ற எழுத்தும், ௨ என்ற எண்ணும் 'உ' என்ற எழுத்தும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். 'எட்டேகால் லட்சணமே' என்ற வசையில் எட்டு 'அ', கால் 'வ', ஆகவே 'அவலட்சணம்' என்று வருவதும் இந்தக் கணக்கால்தான். எபிரேயத்தில் ஆலெஃப் 1 முதல் தேத் 9 வரை ஒன்றுகள். யோத் 10, காஃப் 20, லாமெத் 30 என்று ஏறிச் சாதே 90 வரை பத்துகள். கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. அதற்கு மேல் கூட்டி எழுத வேண்டும்: 500 என்றால் தாவும் கோஃபும்.

யூத ஆண்டு உலகம் படைக்கப்பட்டதாகக் கொண்ட காலத்திலிருந்து தொடங்குகிறது. ஆயிரங்களைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். உதாரணமாக, பலகையில் தாவ், ரேஷ், மேம், தாலெத் என்று இருந்தால் 400+200+40+4, அதாவது 644. முழு ஆண்டு 5644. சுருக்கு வழி: கிடைத்த மூன்று இலக்க எண்ணோடு 1240ஐக் கூட்டுங்கள். 644+1240=1884. அது எண் என்று காட்டத்தான் கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கோடு. சொற்களைச் சுருக்கி எழுதும்போதும் இதே குறியைத்தான் போடுவார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. ஆகவே அங்கிருந்து டிசம்பர் வரையிலான நாட்களுக்கு விடையிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். 5644 என்றால் 1883 இலையுதிர்காலம் முதல் 1884 இலையுதிர்காலம் வரை.

பதினைந்தைப் பத்து, ஐந்து என்று எழுதாமல் ஒன்பது, ஆறு என்று எழுதியிருக்கிறார்களே. பிழையா?

பிழை இல்லை, பக்தி. பத்தும் ஐந்தும் யோத், ஹே. இறைவனின் திருப்பெயரில் வரும் எழுத்துகள். பதினாறுக்கு வரும் யோத், வாவ் என்பதும் அப்படியே. ஆகவே 15ஐ 9+6 என்றும் 16ஐ 9+7 என்றும் எழுதுவார்கள். கடிகாரங்களிலும் இந்த எழுத்தெண்களைப் பார்க்கலாம். பன்னிரண்டோடு நின்றுவிடுவதால் அங்கே இந்தச் சிக்கல் வராது. மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்து மணிக்கூண்டின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்தெண்கள் உண்டு. பிராகு நகரத்தின் யூத நகர மன்றத்தில் உள்ள எபிரேயக் கடிகாரத்தில் முட்களும் இடப்பக்கமாகவே சுற்றுகின்றன.

பரதேசி தொழுகைக்கூடம் 1568 என்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கல் 1344 என்கிறதாம். எது சரி?

இரண்டும் சரி. கட்டடம் 1568ஐச் சேர்ந்தது. 1662இல் போர்த்துக்கீசியரால் சேதமடைந்து, டச்சுக்காரர் வந்த பிறகு சீர்செய்யப்பட்டது. அந்தக் கல்லோ கொச்சங்காடியில் இருந்த, இப்போது இல்லாமற்போன வேறொரு தொழுகைக்கூடத்தின் கல். அதைக் கொண்டுவந்து இங்கே சுவரில் பதித்துவிட்டார்கள். அதில் உள்ள ஆண்டு 5105. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 105+1240=1345; இலையுதிர்கால மாதங்களுக்கு ஒன்று கழிக்க 1344.

கல் இடம்பெயரும் என்பதை மறக்காதீர்கள். சுவரில் உள்ள ஆண்டு சுவரின் வயதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அழிந்த வீட்டின் கல்லைக்கூட எறியாமல் தங்கள் சுவரில் இடம் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழ்கிறது. பரவூரில் உள்ள கல்லில் 5376, அதாவது 1616. அதைக் கட்டியவர் காஸ்தியேல் குடும்பத்து முதலியார். ஆம், முதலியார்தான். கொச்சி மன்னர்கள் யூதச் சமூகத் தலைவருக்கு அளித்த பட்டம் அது.

சேந்தமங்கலத்துக் கல்லில் 1581 என்று இருக்கிறதாம். ஆனால் 1269 என்கிறார்களே?

அது ஒரு கல்லறைக் கல். இஸ்ரவேலின் மகள் சாராளுடையது. இப்போது சேந்தமங்கலம் தொழுகைக்கூடத்தின் முன் நிற்கிறது. இந்தியாவில் கல்லில் கிடைத்த எபிரேய எழுத்துகளில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. இங்கே நம் 1240 கணக்கு பயன்படாது. ஏனென்றால் 1581 என்பது படைப்பு ஆண்டே அல்ல. கி.மு. 312இல் தொடங்கும் செலூக்கிய ஆண்டு. கீழை நாட்டு யூதர்கள் பத்திரங்களில் பயன்படுத்தியதால் இதைப் 'பத்திரக் கணக்கு' என்றார்கள். 1581இலிருந்து 312ஐக் கழித்தால் 1269. நம்மூரில் சகம், கொல்லம் என்று ஆண்டுக் கணக்குகள் பல இருப்பதைப் போலத்தான்.

ஒரு வசனத்தில் சில எழுத்துகளுக்கு மேல் மட்டும் புள்ளி. ஏன்?

ஆண்டை வசனத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். பொருத்தமான ஒரு வேத வரியை எடுத்து, அதில் எந்த எழுத்துகளைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வருமோ அவற்றின் மேல் புள்ளி வைப்பார்கள், அல்லது அவற்றைப் பெரிதாக எழுதுவார்கள். குறியிட்ட எழுத்துகளை மட்டும் கூட்டி, முன்பு சொன்னபடி 1240ஐச் சேருங்கள். யூதக் கல்வெட்டுக் கலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கட்டடத்தின் மகிழ்ச்சியைச் சொல்லும் வரியே அதன் பிறந்த ஆண்டையும் சொல்லிவிடுகிறது.

ஆறுமுனை நட்சத்திரம் நம் முருகனின் அறுகோணம்தானே? அவர்களுக்கு எப்படிப் போனது?

இங்கிருந்து போகவில்லை, அங்கிருந்தும் வரவில்லை. இரண்டு முக்கோணங்களைப் பின்னிப் போடும் வடிவம் பல நாடுகளில் தானாகவே தோன்றியது. தில்லி ஹுமாயூன் கல்லறையின் முகப்பிலும் ஆறுமுனை நட்சத்திரங்கள் இருக்கின்றன. நமக்கு அது சரவணபவச் சக்கரம். உருவம் ஒன்று, பொருள் வேறு.

யூதர்களுக்கும் அது ஆதியிலிருந்தே அடையாளமாக இருந்ததில்லை. கலிலேயாவில் கப்பர்நகூம் பழைய தொழுகைக்கூடத்தின் கல்லில் ஆறுமுனையும் ஐந்துமுனையும் வெறும் அலங்காரமாக வருகின்றன. பிராகு யூதச் சமூகம்தான் அதைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. அங்குள்ள பழைய தொழுகைக்கூடத்தில் இன்றும் தொங்கும் கொடியில் நட்சத்திரமும் அதன் நடுவே ஒரு தொப்பியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எங்கும் பரவியது. அதனால் பழைய தொழுகைக்கூடத்தில் நட்சத்திரம் இல்லாவிட்டால் வியப்பில்லை. நட்சத்திரம் இருக்கும் கட்டடமெல்லாம் யூதருடையது என்றும் சொல்ல முடியாது.

கொல்கத்தாவின் மாகேன் டேவிட் தொழுகைக்கூடம் கிறித்தவத் தேவாலயம் போலவே இருக்கிறதே? கூர்ங்கோபுரம்கூட உண்டே!

ஆமாம். 1884இல் எலியாஸ் எஸ்ரா தம் தந்தையின் நினைவாகக் கட்டினார். தொழுகைக்கூடத்துக்கென்று கட்டாயமான வெளித்தோற்றம் எதுவும் இல்லை. ஊரும் காலமும் எதை அழகு என்றனவோ அதையே கட்டினார்கள். கேரளத்தில் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை, கொல்கத்தாவில் கூர்ங்கோபுரம். தூரத்தில் நின்று கட்டடத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்றுதான் அருகே போய் எழுத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

குத்துவிளக்கு என்கிறார்கள். ஓரிடத்தில் ஏழு கிளை, ஓரிடத்தில் ஒன்பது. எது உண்மையானது?

தமிழ் விவிலியம் 'குத்துவிளக்கு' என்று மொழிபெயர்த்ததால் நம் மனத்தில் ஐந்துமுக விளக்கு வந்து நிற்கிறது. மெனோரா என்பது நடுத்தண்டும் இருபுறமும் மும்மூன்று கிளைகளும் கொண்ட ஏழு அகல் விளக்கு. எருசலேம் ஆலயத்தில் இருந்தது. கி.பி. 70இல் ரோமானியர் ஆலயத்தை அழித்து அதைத் தூக்கிச் செல்லும் காட்சியை ரோமில் தித்து வளைவில் இன்றும் காணலாம். நட்சத்திரத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த யூதச் சின்னம் இதுதான்.

ஒன்பது உள்ளது ஹனுக்கா விளக்கு. எட்டு நாள் விழாவுக்கு எட்டு, அவற்றை ஏற்றும் துணைச்சுடர் ஒன்று. இரண்டும் உண்மையானவையே, வேலைதான் வேறு.

மேலே வட்டமாக வளைந்த இரண்டு பலகைகள். அதில் பத்தே எழுத்துகள்தான். பத்துக் கட்டளைகள் எங்கே?

அந்தப் பத்து எழுத்துகள்தாம் கட்டளைகள். ஆலெஃப் முதல் யோத் வரை, ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள். வலப்பலகையில் ஐந்து, இடப்பலகையில் ஐந்து. இடம் அதிகமாக இருந்தால் ஒவ்வொரு கட்டளையின் முதல் ஓரிரு சொற்களை எழுதுவார்கள். படிக்கும்போது வலப்பலகையிலிருந்து தொடங்குங்கள்.

உருவம் கூடாது என்பவர்கள் சிங்கத்தை எப்படி வைக்கிறார்கள்?

தடை வணங்குவதற்கான உருவத்துக்கே. அலங்காரத்தை எந்த அளவு ஏற்கலாம் என்பதில் காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் கருத்து மாறியிருக்கிறது. சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்ற இடத்தில் மூன்றாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுவதும் மோசே, தாவீது, எஸ்தர் என்று மனித உருவ ஓவியங்கள். இஸ்ரேலில் பேத் ஆல்ஃபாவின் ஆறாம் நூற்றாண்டுத் தரையில் பன்னிரண்டு ராசிகளும் நடுவே சூரியத் தேரும். ராசிகளின் பெயர்கள் எபிரேயத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. கொச்சிக்காரர்களோ மனித உருவம் இல்லாமல் மரச் செதுக்கலிலும் தாமரையிலும் நிறைவு கண்டார்கள்.

பேழையின் இருபுறமும் நிற்கும் சிங்கம் யூதா கோத்திரத்தின் சின்னம். சாகும் தறுவாயில் யாக்கோபு தன் மகன் யூதாவைச் 'சிங்கக்குட்டி' என்று வாழ்த்தினான். இருபுறமும் தூண்கள் நின்றால் அவை சாலொமோன் ஆலயத்து வாசலில் இருந்த யாகீன், போவாஸ் தூண்களின் நினைவு.

கிரீடம், விரித்த கைகள், குடம். இவை யாருடைய சின்னங்கள்?

கிரீடம் தோராவுக்கு உரியது. முன்பு சொன்ன காஃப், தாவ் எழுத்துகளின் மேல் அது இருக்கும். சுருள்களுக்கே வெள்ளியிலோ பொன்னிலோ கிரீடம் சூட்டுவதும் உண்டு. திருவிதாங்கூர் மன்னர் அளித்த பொற்கிரீடம் பரதேசி தொழுகைக்கூடத்தில் உள்ளது.

விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து விரித்த கைகள் ஆரோனின் வழிவந்த கோஹேன் குருக்களின் ஆசீர்வாதம். குடமும் தாம்பாளமும் அக்குருக்களின் கையில் நீர் ஊற்றும் லேவியருடையவை. இவ்விரண்டையும் கல்லறைகளில்தான் அதிகம் பார்க்கலாம். கல்லறையில் உச்சியில் பே, நூன் என்று இரண்டெழுத்து இருந்தால் 'இங்கே அடங்கியிருப்பவர்'. அடியில் உள்ள ஐந்து எழுத்துகள் 'இவருடைய ஆன்மா வாழ்வின் முடிச்சில் கட்டப்பட்டிருக்கட்டும்' என்ற வேண்டுதல்.

கதவு நிலையில் ஒரு சிறு குழாய் பொருத்தியிருக்கிறது. அதிலும் ஒரு எழுத்து. என்ன அது?

மெசுசா. உள்ளே கையால் எழுதிய தோல்துண்டு இருக்கிறது. "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் உபாகமப் பகுதி அதில் உண்டு. உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலையில் இருக்கும். ஐரோப்பிய மரபினர் சாய்வாகவும் மற்றவர்கள் பெரும்பாலும் நேராகவும் வைப்பார்கள். வெளியே தெரியும் எழுத்து ஷின். வாசல் என்ற சொல்லில் பார்த்த அதே மூன்று முனை எழுத்து. இங்கே அது 'ஷத்தாய்', எல்லாம் வல்லவர் என்பதன் முதலெழுத்து.

இறைவனின் பெயர் எழுதியிருந்தால் வாய்விட்டுப் படிக்கலாமா?

யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்தைக் கண்டால் யூதர்கள் அப்படியே உச்சரிப்பதில்லை. தொழுகையில் 'அதோனாய்', என் ஆண்டவர் என்றும், பேச்சில் 'ஹஷ்ஷேம்', அந்தப் பெயர் என்றும் சொல்வார்கள். தமிழ் விவிலியம் 'கர்த்தர்' என்று போடுவதும் இந்த மரபால்தான். சில இடங்களில் இரண்டு யோத் மட்டும் எழுதுவார்கள். அவர்கள் கூடத்தில் நிற்கும்போது நாமும் 'அதோனாய்' என்றே படிப்பது மரியாதை என்பது என் எண்ணம்.

அந்தப் பெயர் எழுதிய தாள் கிழிந்தாலும் குப்பையில் போட மாட்டார்கள். கெனிசா என்ற அறையில் சேர்த்துவைத்துப் பின்னர் புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்துதான் இந்தியக் கடல் வணிகர்களின் கடிதங்கள்கூட நமக்குக் கிடைத்தன.

எபிரேய எழுத்தில் இருந்தால் மொழியும் எபிரேயம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. கிழக்கு ஐரோப்பாவில் இத்திஷ், பாக்தாத் யூதரிடம் அரபி, பழைய மணப்பத்திரங்களில் அரமேயம் என்று பல மொழிகளை இதே எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இதற்கு நம் பக்கத்திலேயே அருமையான சான்று உண்டு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. வட்டெழுத்தில் அமைந்த அந்தச் சாசனத்தின் முடிவில் சாட்சிக் கையொப்பங்கள் அரபி, பழைய பாரசீக எழுத்தான பஹ்லவி, எபிரேயம் ஆகிய எழுத்துகளில் இருக்கின்றன. எபிரேய எழுத்தில் இருப்பவற்றின் மொழி பாரசீகம்!

இதற்கு நேர்மாறானது கொச்சி யூதரின் செப்பேடு. யோசேப்பு ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகளை வழங்கி, கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் அளித்தது. எபிரேயமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வட்டெழுத்து. யூதர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்த ஆவணம் நம் எழுத்து மரபில் எழுதப்பட்டிருக்கிறது.

கைப்பேசியை நீட்டினால் மொழிபெயர்த்துவிடுகிறதே. பிறகு எதற்கு இவ்வளவு சிரமம்?

அச்செழுத்துக்கு உதவும். தேய்ந்த கல்லிலும் சுருக்கக் குறிகளிலும் தடுமாறும். ஆண்டைச் சொல் என்று நினைத்து ஏதோ ஒரு பொருளைச் சொல்லிவிடும். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளும் கல்லில் மயக்கும். பேத்துக்குக் கீழ்வலப்புறம் சிறு வால் உண்டு, காஃபுக்கு இல்லை. தாலெத்தின் மேல்மூலை கூரானது, ரேஷுடையது வளைந்தது. ஹேயின் இடக்கால் மேல்கோட்டைத் தொடாது, ஹேத்தின் கால் தொடும்.

சிறு வேறுபாடுதானே என்று விட முடியாது. மெசுசாவில் உள்ள அந்த வசனம் "ஆண்டவர் ஒருவரே" என்று முடிகிறது. 'ஒருவர்' என்பது எஹாத். அதன் கடைசி எழுத்தான தாலெத்தை ரேஷ் என்று படித்தால் 'அஹேர்', வேறொருவர் என்று ஆகிவிடும். இதனால்தான் தோராச் சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்பார்கள்.

மூடிக் கிடக்கும் பழைய கட்டடம். எழுத்தே இல்லை. தொழுகைக்கூடமாக இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் திசையைப் பாருங்கள். பேழை எருசலேமை நோக்கி இருக்கும்; இந்தியாவில் அது மேற்குச் சுவர். அங்கே மாடமோ பெரிய அலமாரி இருந்த தடமோ தெரிகிறதா? கூடத்தின் நடுவே தோரா வாசிக்கும் மேடை இருந்த அடையாளம் உண்டா? கேரளத்தில் மாடியிலும் இரண்டாவதாக ஒரு மேடை இருக்கும். வேறெங்கும் காணாத வழக்கம் அது. பிறகு வலப்பக்கக் கதவு நிலையைத் தடவிப் பாருங்கள். மெசுசா இருந்த குழி சுண்ணாம்புக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படலாம்.

எர்ணாகுளம் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தில் பல ஆண்டுகள் செடிகளும் அலங்கார மீன்களும் விற்றார்கள். கடைக்கு வந்தவர்கள் தொட்டிகளைத் தாண்டி உள்ளே நடந்தால் செதுக்கிய பேழை அதன் இடத்திலேயே நின்றது.